மதுரை, கீழடி, செட்டிநாடு, புதுக்கோட்டை: பிள்ளைகளோடும் பாட்டியோடும் ஐந்து நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கொங்குக்கரை எழுதியது:

வணக்கம். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஐந்து நாள் கையில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து காரில் கிளம்புகிறோம். நாங்கள் இருவர், 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், பத்துப் படிக்கு மேல் முடியாது.

தண்ணீர் விளையாட்டுப் பூங்கா வேண்டாம் என்று இந்த முறை உறுதியாக இருக்கிறோம். ஆனால் போன ஆண்டு வேறொரு ஊரில் பெரிய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய் வந்த அனுபவம் இன்னும் உறுத்துகிறது. மகள் ஒவ்வொரு குறிப்பட்டையாகப் படித்துக்கொண்டு பின்தங்கினாள். மகன் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டான் என்று காவலர் அதட்ட, அழுகை தொடங்கியது. அத்தை நுழைவாயில் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்தோம். மூவரில் ஒருவருக்கும் அந்த நாள் நினைவில் இல்லை.

அதனால் கேட்கிறேன். மதுரையில் தொடங்கிப் புதுக்கோட்டை வரை போகலாம் என்று எண்ணம். எங்கே தொடங்கலாம்? எதை விடலாம்? பார்க்க வேண்டிய இருபது இடங்களின் பட்டியல் எனக்கு வேண்டாம். குழந்தையோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

——

மாசிவீதி எழுதியது:

அம்மா, நான் மதுரைக்காரன். முப்பது ஆண்டு பள்ளியில் வரலாறு நடத்தியவன். பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதில் நானும் பலமுறை தவறியிருக்கிறேன். அந்தத் தவறுகளிலிருந்து கற்றதைச் சொல்கிறேன்.

கீழடியிலிருந்து தொடங்குங்கள். மதுரையிலிருந்து இராமேசுவரம் சாலையில் 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டின் பாணியில் முற்றமும் தூண்களுமாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரே நீளக் கூடமாக இல்லாமல் தனித்தனிக் கட்டடங்களாக இருப்பதால் பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் உண்டு. ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்காரலாம், பிறகு அடுத்ததற்குள் போகலாம்.

ஏன் முதலில் கீழடி? அங்கே அரசர் இல்லை, போர் இல்லை. பானை, உறைகிணறு, மணி, காதணி, தாயக்கட்டை. எல்லாம் வீட்டுப் பொருள்கள். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடைத்திருக்கின்றன. தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிய எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நான்காம் கட்ட அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வில் வந்தது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லும்போது ஆண்டைச் சொல்லாதீர்கள், ஆழத்தைச் சொல்லுங்கள். அப்பாவின் தோள்மேல் அப்பா நின்றால் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். ஆண்டுக்கணக்கு அதற்குப் பிறகு தானாக மனத்தில் ஏறும்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வேலை கொடுத்துவிடுங்கள். பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதை மகள் கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டுப் பொருள்களை மட்டும் மகன் எண்ண வேண்டும். மற்றதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டால் படட்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தோண்டிய குழிகள் அப்படியே திறந்து கிடக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். ஆய்வு முடிந்த குழிகளில் பலவற்றைப் பாதுகாப்புக்காக மூடிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப்போய் ஒரு வகுப்பையே ஏமாற்றமடைய வைத்தவன் நான்.

——

மொட்டைப்பாறை எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும், நான் உடன்படவில்லை. கீழடி பெரியவர்களுக்கு மெய்சிலிர்க்கும் இடம், மறுக்கவில்லை. ஆனால் 6 வயதுப் பையனுக்குப் பானை ஓடு பானை ஓடுதான். என் மகனை ஐந்து வயதில் கூட்டிப்போனேன். இரண்டாவது அறையிலேயே ‘எப்போது முடியும்’ என்று கேட்டான்.

முதல் நாள் ஓட விடுங்கள். திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. 1636இல் கட்டியது, இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். அதற்கே 248 தூண்கள். இரண்டு பிள்ளைகள் கைகோத்தாலும் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முடியாது. அண்ணாந்து பார்த்தால் மேலே புறாக்கள். அதுவே போதும் அந்த வயதுக்கு.

அடுத்த நாள் காலை ஆறரைக்கெல்லாம் கீழக்குயில்குடிச் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமரம். அத்தையை அந்த நிழலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம். மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாக இருக்கும், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. டிக்கெட் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, அதட்ட யாரும் இல்லை. மலையே அருங்காட்சியகம்.

——

மாசிவீதி எழுதியது:

சமணர் மலையைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆனால் அங்கே அதட்ட ஆள் இல்லை என்பதாலேயே அந்தப் பாறையில் எத்தனை பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? ஆயிரம் ஆண்டு கடந்த எழுத்துக்குப் பக்கத்தில் நேற்று வந்தவர் பெயர். பிள்ளைகளிடம் அதையும் காட்டிப் பேசுங்கள். தொடக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அங்கே விளங்கும்.

கீழடி பற்றி உங்கள் மகன் ‘எப்போது முடியும்’ என்று கேட்டதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவன் கையில் அன்று என்ன வேலை இருந்தது? சும்மா பின்னால் நடந்துவந்தால் எனக்கும் அலுக்கும். முந்தின இரவு தங்குமிடத்தில் தாயம் ஆடிவிட்டு மறுநாள் அந்தத் தாயக்கட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் இதைப் பத்து முறையாவது செய்திருக்கிறேன்.

——

மொட்டைப்பாறை எழுதியது:

வேலை எதுவும் இல்லை ஐயா. அது என் பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். இப்போது அவனுக்கு எட்டு வயது. தாயத்தோடு மறுபடி கூட்டிப்போகிறேன்.

——

இரவுப்பணி எழுதியது:

மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்தை யாரும் சொல்லவில்லையே? இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959இல் நேரு திறந்துவைத்தார். விடுதலைப் போராட்டத்தைப் படங்களாகவே சொல்லும் பகுதி ஒன்று இருக்கிறது, 265 படங்கள். வளாகத்தில் சேவாகிராமக் குடிலைப் போல ஒரு குடில். கட்டணம் இல்லை, மரநிழல் உண்டு.

எனக்கு இதில் ஒரு கேள்வியும் உண்டு. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஏழு வயது மகளை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்வதா என்று கடைசி நொடி வரை தயங்கினேன். போனவர்கள் என்ன செய்தீர்கள்?

——

வளவுவீடு எழுதியது:

நான் காட்டினேன். முன்பே சொல்லிவிட்டுக் காட்டினேன். ‘ஒருவர் இவரைச் சுட்டுவிட்டார், அப்போது இவர் இந்தத் துணியைத்தான் உடுத்தியிருந்தார்’ என்று இரண்டே வாக்கியம். குழந்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சற்று நேரம் பார்த்தாள், போகலாம் என்றாள். அன்று இரவு நிறையக் கேட்டாள். பயந்து கேட்கவில்லை. ஆனால் இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். வேண்டாம் என்று அவள் சொன்னால் வெளியே மரத்தடிக்கு வந்துவிடுங்கள்.

காரைக்குடிப் பக்கம் பற்றியும் எழுதிவிடுகிறேன், அது என் அம்மா வழி ஊர்.

ஆத்தங்குடிக்குக் கட்டாயம் போங்கள். அரண்மனை போன்ற வீட்டைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், போகட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியமானது தரைக்கல் செய்யும் பட்டறை. கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கும் மேல் ஈரக் கலவை. பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெயிலில் காய்ந்து, கடைசியில் கண்ணாடியைப் பிரிக்கும்போது பளபளவென்று பூ வெளியே வரும். அந்த ஒரு நொடிக்காக என் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார்கள். நாங்கள் போன பட்டறையில் கேட்டபோது கரண்டியைக் குழந்தை கையிலும் கொடுத்தார்கள். வேலை மும்முரமாக இருந்தால் கேட்காதீர்கள், அது அவர்களுடைய அன்றாடக் கூலி.

வீடுகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். அவை வீடுகள். ஆட்கள் குடியிருப்பவை, பங்காளிகள் திருமணத்துக்கும் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கூடுபவை. காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே நுழைந்து படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் கசக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் ஒன்றிரண்டு இருக்கின்றன, அங்கே நிதானமாகப் பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: இத்தனை பேர் வாழ்ந்த வீட்டில் மழைநீர் எங்கே விழுந்தது, எங்கே போனது? வானம் பார்த்த முற்றத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தூண்கள் பர்மாத் தேக்கு. அந்த மரம் எப்படி இங்கே வந்தது என்று கேட்டால் கடலும் கப்பலும் வட்டித்தொழிலும் போருமாக ஒரு நூற்றாண்டுக் கதை விரியும்.

அத்தைக்கு இந்த ஊர் ஏற்றது. படிகள் குறைவு, உட்காரத் திண்ணை எங்கும் உண்டு. நேரம் இருந்தால் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். வாங்க வேண்டாம். பித்தளைத் தூக்கு, பல்லாங்குழி, பழைய பீங்கான், மரப்பெட்டி எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல அவரால்தான் முடியும். பசித்தால் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும்.

——

குடைவரை எழுதியது:

புதுக்கோட்டைப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

சித்தன்னவாசலில் இரண்டு இடங்கள் இருக்கின்றன, பலர் ஒன்றோடு திரும்பிவிடுகிறார்கள். ஒன்று அறிவர் கோயில், பாறையைக் குடைந்து செய்த, ஓவியம் உள்ள குடைவரை. கொஞ்சம் படி ஏறினால் போதும். விதானத்தில் தாமரைக் குளம். சும்மா அழகு என்று சொல்லிப் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கவைக்க முடியாது. எண்ணச் சொல்லுங்கள்: யானை எங்கே, எருமை எங்கே, மீன் எத்தனை, அன்னம் எத்தனை, பூப் பறிப்பவர்கள் எத்தனை பேர்? நிறம் பல இடங்களில் மங்கிவிட்டது, அதனாலேயே தேடுவதில் விறுவிறுப்பு. 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தில் இந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. கருவறைக்குள் நின்று தாழ்ந்த குரலில் ‘ம்’ என்று இழுத்துப் பாருங்கள், சுவர் முழுக்க அதிரும். ஆனால் கூட்டம் இல்லாதபோது மட்டும்.

இரண்டாவது ஏழடிப்பட்டம். மலையின் மறுபக்கம் இயற்கைக் குகைத்தளம், சமண முனிவர்களின் கற்படுக்கைகள், ஒன்றில் தமிழிக் கல்வெட்டு. ஏற்றம் செங்குத்து, அத்தைக்கு முடியவே முடியாது. மகளை அப்பா கூட்டிப்போகட்டும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பரிலும் பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை சுடும்.

திருமயம் கோட்டை காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில், வழியிலேயே வருகிறது. 1687இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது. உச்சியில் பீரங்கி, காற்று, நான்கு திசையும் சமவெளி. ஆறு வயதுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேலே தடுப்புச்சுவர் இல்லாத இடங்கள் உண்டு, கையை விடாதீர்கள். அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரைகள். அத்தை அங்கே தரிசனம் செய்துகொண்டிருக்கலாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானக் காலத்தில் 1910இல் தொடங்கியது. உலோகச் சிலைகள், கல்வெட்டுகள், பாடம் செய்த விலங்குகள், கனிமங்கள் என்று எல்லாம் கலந்த பழைய பாணி. அந்தக் கலவைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கீழடிக்கான விடுமுறை நாளைக் கிளம்பும் முன் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

——

கொங்குக்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து வெட்டியெடுத்த திட்டம் இது:

முதல் நாள் மாலை மதுரை, மகால் மட்டும். இரண்டாம் நாள் கீழடி. மூன்றாம் நாள் காலை காந்தி அருங்காட்சியகம், பிறகு காரைக்குடி. நான்காம் நாள் ஆத்தங்குடி. ஐந்தாம் நாள் திருமயம், சித்தன்னவாசல், அப்படியே திருச்சி வழியாக ஊர். சமணர் மலையையும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்தையும் மனமில்லாமல் விடுகிறேன். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அத்தை மட்டும் என் கணவரோடு அதிகாலையில் போய்வருவார், அது அவருடைய விருப்பம்.

——

குடைவரை எழுதியது:

ஐந்தாம் நாளில் இரண்டு ஏற்றங்களும் நீண்ட பயணமும் இருக்கின்றன. ஒன்றை விடுங்கள். சித்தன்னவாசலைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு நானே சொல்கிறேன், திருமயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓவியத்தைப் பார்க்கக் களைப்பில்லாத கண் வேண்டும்.

——

இரவுப்பணி எழுதியது:

தண்ணீரும் தொப்பியும் இரண்டு மடங்கு எடுத்துச் செல்லுங்கள். கோட்டை அடிவாரத்தில் கழிப்பறையை நம்ப வேண்டாம், கிளம்பும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். அத்தைக்கு மடிக்கும் முக்காலி ஒன்று காரில் இருக்கட்டும்.

——

கொங்குக்கரை எழுதியது:

போய்வந்து நான்கு நாள் ஆகிறது. எழுதக் கடன்பட்டிருக்கிறேன்.

மகாலில் பிள்ளைகள் ஓடினார்கள், கைகோத்துத் தூணை அளந்தார்கள், நீங்கள் சொன்னபடியே கை எட்டவில்லை. ஆத்தங்குடியில் மகள் கரண்டி பிடித்தாள், மகனுக்குக் கண்ணாடியைப் பிரிக்கும் நொடி. திருமயத்தில் மகன் பீரங்கி மேலிருந்து இறங்க மறுத்தான். சித்தன்னவாசலை விட்டது நல்ல முடிவு, திருச்சி வரும் முன்பே எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது கீழடி பற்றி. முந்தின இரவு தாயம் ஆடினோம். மறுநாள் மகன் தாயக்கட்டைகளைப் பார்த்துவிட்டு ‘நம்முடையது மாதிரி இல்லையே’ என்றான். நம்முடையது நீளமான பித்தளை, அங்கே இருப்பது கனசதுரம். அரை மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு அவனுக்கும் சலிப்பு வந்தது, மொட்டைப்பாறை சொன்னதும் பொய்யில்லை. அப்போதுதான் அத்தை நெசவுப் பொருள்கள் இருந்த பெட்டி முன்னால் நின்றுவிட்டார். நடுவில் துளையிட்ட, சுட்ட மண் குண்டுகள். ‘இது தக்களியடா, நூல் நூற்கும் கருவி’ என்றார்.

நாங்கள் யாரும் அந்தக் குறிப்பைப் படித்திருக்கவில்லை. அத்தை படித்த கிராமத்துப் பள்ளியில் நூல் நூற்பது ஒரு பாடமாம். வாரத்துக்கு இத்தனை சிட்டம் நூல் என்று கணக்காம். பதினைந்து ஆண்டாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே இடக்கையில் பஞ்சும் வலக்கையில் கம்பியும் இருப்பதுபோல் விரலைச் சுழற்றிக் காட்டினார். குண்டின் எடைதான் சுழற்சியை நிற்கவிடாமல் இழுக்கிறது, எடை கூடினால் நூல் அறும், குறைந்தால் முறுக்கு ஏறாது என்றார். பக்கத்தில் நின்ற வேறு குடும்பத்துப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முழங்கால் வலியை மறந்து அத்தனை பகுதிகளையும் சுற்றிவந்தார். முக்காலி காரை விட்டு இறங்கவே இல்லை.

மறுநாள் காந்தி அருங்காட்சியகத்தில் இராட்டையைக் கண்டதும் மகன் நேராக ‘பாட்டி, இதுவும் நூலா?’ என்று ஓடினான். இரத்தக் கறை படிந்த துணி இருக்கும் இடத்தில் நான் முன்பே இரண்டு வாக்கியம் சொல்லிவைத்திருந்தேன். மகள் வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும், ‘அந்தத் துணியை யார் நூற்றிருப்பார்கள்?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில் மேலமாசி வீதி வீட்டில் அவர் மேலாடையை விட்டு அரையாடைக்கு மாறியதை அத்தைதான் சொன்னார். அந்த வீட்டையும் போய்ப் பார்த்தோம், இன்று கதர்க் கடையாக இருக்கிறது. தக்களி இருக்கிறதா என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது வீட்டில் மகன் களிமண்ணில் குண்டு உருட்டித் துளையிட்டு மாடியில் காயவைத்திருக்கிறான். மூன்று உடைந்துவிட்டன. சுடாமல் நிற்காது என்கிறார் அத்தை. அவருக்கு உண்மையான தக்களி ஒன்று வேண்டும், பஞ்சுப் பட்டையோடு. திருப்பூரில் இரண்டு கடைகளில் கேட்டுவிட்டோம், இல்லை. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

——

மாசிவீதி எழுதியது:

நாளைக் காலை மேலமாசி வீதிப் பக்கம் போகிறேன் அம்மா. அந்தக் கதர்க் கடையிலேயே முதலில் விசாரிக்கிறேன். கிடைத்தால் இரண்டாக வாங்கி அனுப்பச் சொல்கிறேன், பேரனுக்கும் ஒன்று வேண்டியிருக்கும்.